மருத்துவக் கலைச்சொற்களும் மக்கள் வழக்கும்

பாதாதிகேசம், கேசாதிபாதம் என இருவகைப் பிரபந்தங்கள் தமிழில் உண்டு. அடிமுதல் முடிவரையும் முடிமுதல் அடிவரையும் உறுப்பு உறுப்பாக எடுத்து வருணித்துச் செல்வது அவற்றின் முறை. இவற்றைப் பயின்றோர்க்கு ஓருண்மை எளிதிற் புலப்படும். மனித உடம்பின் புறத்தே கண்ணுக்குத் தெரியும் பகுதிகளுள் தமிழர் பெயரிடாது விட்டவை மிகச் சில. காலை மட்டும் எடுத்துக்கொள்வோம். தொடை, முழங்கால், முழங்காற்சில்லு, கெண்டைக்கால், கணுக்கால், பரடு, குதிகால், புறங்கால், உள்ளங்கால் என ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். ஆயின் தோலைக் கடந்து உள்ளே புகுந்தவுடன் இச்செல்வம் திடீரெனச் சுருங்கிவிடுகின்றது. குடல், ஈரல், மூளை, நரம்பு, பித்தப்பை என்று விரல்விட்டு எண்ணத்தக்க சில சொற்களே எல்லோர் நாவிலும் வழங்குவன. மக்கள் உடம்பின் உட்புறத்தைக் கண்டது ஆட்டை உரித்த இடத்தில், அங்கே கண்டவற்றுக்குப் பெயர் வைத்தார்கள், காணாதவற்றுக்கு வைக்கவில்லை.

கண்டவற்றுக்கு வைத்த பெயர் எவ்வளவு நுட்பமானது என்பதற்குக் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் மூன்று சொற்களே சான்று. ஈரல் என்ற ஒரு பொதுப்பெயரை நிறுத்தி, கையில் எடுத்தால் அவ்வுறுப்பு எவ்வாறிருக்கும் என்பதை அடைமொழியாக்கி விட்டனர். கல்லெனக் கனப்பது ஒன்று. மண்ணெனக் குழைவது ஒன்று. நுரையென நீரில் மிதப்பது மற்றொன்று. இலத்தீனிலோ கிரேக்கத்திலோ இம்மூன்றையும் ஓரினமாக்கும் பெயரமைப்பு இல்லை. நுரையீரலினுள்ளே 30 கோடி அளவினவாகக் கணிக்கப்படும் நுண்ணிய காற்றறைகள் உள்ளன என்பதை நுணுக்குக்காட்டி பிற்காலத்தே காட்டிற்று. நுரை என்ற சொல் அவ்வமைப்பை முன்னரே சொல்லி வைத்தது போலும். அப்படியிருக்க, நம் நாட்டுப் பாடநூல்களிலும் வைத்தியசாலைப் பலகைகளிலும் சுவாசப்பை என்னும் சொல் ஏன் இடம்பிடித்தது? பை என்றால் வெறுமையான உறை. காற்று நிரம்பும், காற்று வெளியேறும், உள்ளே ஒன்றுமில்லை என்ற எண்ணத்தையே அச்சொல் மாணவன் மனத்தில் பதிக்கின்றது. இரைப்பை, பித்தப்பை, சலப்பை, கருப்பை என்பன பொருந்தும். அவை உண்மையிலேயே பைகள். நுரையீரல் பை அன்று. நல்ல சொல்லொன்று கையில் இருக்க அதனைவிடக் குறைந்த சொல்லைத் தேடிச் சென்றமைக்கு இஃது ஓர் உதாரணம். இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே: உடம்பையும் நோயையும் குறிக்க நாம் ஆக்கிய சொற்கள், மக்கள் முன்னரே வைத்திருந்த சொற்களோடு எவ்வாறு உறவாடுகின்றன என்பது.

இத்துறையில் முதலில் வணங்கத்தக்கவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசாசூசெற்சு மாநிலத்து வூஸ்டரில் 1822 இல் பிறந்த இம்மருத்துவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணியும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். இடையே 1857 இல் தாயகம் சென்று 1862 இல் மீண்டு, 1873 வரை இங்கிருந்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர் 1860 களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்றவன் ஊரை விட்டு உத்தியோகம் தேடிப் போவான், தமிழிற் கற்றவன் ஊரிலே தங்கி ஊராருக்கு மருத்துவம் செய்வான் என்பது அவர் கண்ட நடைமுறை. அக்கருத்தின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை.

கிறீனும் அவர் மாணாக்கரும் ஆக்கிய நூல்களின் பெயர்களே அவர்களுடைய சொல்லாக்க நெறிகளைக் காட்டிவிடும். அறுவைச் சிகிச்சை நூலுக்கு ‘இரண வைத்தியம்’ (1867) என்று பெயர். இரணம் என்பது எந்தக் கிழவிக்கும் தெரிந்த சொல், வைத்தியமும் அவ்வாறே. கிரே என்பாரின் உடற்கூற்று நூல் இலண்டனில் 1858 இல் முதன்முதல் வெளிவந்தது. பதினான்கு ஆண்டுகளுள், 1872 இல், அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயருடன் தமிழில் அச்சேறிற்று. கேசாதிபாதம் கேட்டுப் பழகிய செவிக்கு அங்காதிபாதம் அந்நியமாகத் தோன்றாது. வடசொற்களாலானதாயினும் தமிழ்ச் சூழலில் ஊறிய சொல் அது. இரசாயன நூலுக்கு வந்தபோது ‘கெமிஸ்தம்’ (1875) என்று ஆங்கிலச் சொல்லையே எடுத்துத் தமிழீறு கொடுத்துவிட்டார்கள். வழக்கிலுள்ள சொல், வடமொழி வழிச் சொல், பிறமொழி ஒலியைத் தழுவிய சொல் என மூன்று வழிகளும் ஒருவர் கையாலேயே ஆளப்பட்டன. பிற்காலத்தார் இவற்றுள் ஒன்றைக் கொடியாகப் பிடித்து மற்றவற்றை இகழ்ந்தனர். கிறீனுக்கு அத்தகைய கட்சி இருந்ததாக அவர் நூற்பெயர்கள் காட்டவில்லை. எதிரே மாணவனும் நோயாளியும் இருந்தார்கள். அவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதே அளவுகோல். ‘கெமிஸ்தம்’ நிலைக்கவில்லை, ‘இரண வைத்தியம்’ என்னுந் தொடர் நெடுங்காலம் நிலைத்தது. காலம் செய்த இத்தீர்ப்பிலும் ஒரு நியாயம் உண்டு.

கிறீனின் முயற்சி அவர் காலத்தோடு தளர்ந்தது. மருத்துவக் கல்வி ஆங்கிலத்தின் வயமாயிற்று. தமிழில் அறிவியற் சொற்களை ஆக்கும் பணி இருபதாம் நூற்றாண்டிலே மீண்டும் எழுந்தபோது அதன் நடுக்களம் சென்னையாக இருந்தது. அங்கே 1930 களில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்தோருள் மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளும் (1892-1947) ஒருவர். அப்பணி இரு கரையாருக்கும் பொதுப்பணியாக இருந்தது. 1950 களிலும் 1960 களிலும் நிலைமை மாறியது. இலங்கையில் அறிவியற் பாடங்கள் தாய்மொழிக்கு மாற, அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாடு தன் பாடநூல்களுக்குத் தன் வழியிற் சொற்களை ஆக்கிக்கொண்டது. விளைவு யாதெனில், ஒரே உறுப்புக்கு இரண்டு தமிழ்ப்பெயர்கள். ஒரே தமிழ்ச்சொல்லுக்கு இரண்டு உறுப்புகள்.

இரண்டாவது கேடே பெரிது. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாயை நாம் நாடி என்கிறோம். இதயத்துக்குக் கொண்டுவருவதை நாளம் என்கிறோம். தமிழ்நாட்டார் முன்னதைத் தமனி என்றும் பின்னதைச் சிரை என்றும் வழங்குவர். நாளம் அவர்களிடத்துக் குழாய் என்ற பொதுப்பொருளையே தரும். இரத்த நாளம் என்றால் எல்லாக் குருதிக்குழாய்களும் அடங்கும். சுரந்ததை எடுத்துச்செல்லக் குழாயின்றி நேரே குருதியிற் கலக்கவிடும் சுரப்பிகளை அவர்கள் நாளமில்லாச் சுரப்பி என்றெழுதினர். நம் நாட்டு மாணவன் சென்னையில் அச்சான நூலை விரித்து நாளமில்லாச் சுரப்பி என்று படித்தால் என்ன விளங்கிக்கொள்வான்? குருதி வெளியேற வழியற்ற சுரப்பி என்றல்லவா எண்ணுவான்? உண்மைக்கு இது நேர் எதிர். அச்சுரப்பிகள் தம் சுரப்பைக் குருதியிற் கலந்தே தொழிற்படுகின்றன.

நாடி, தமனி என்னும் இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் என் தராசு நாடியின் பக்கமே சாய்கின்றது. ஊர் வைத்தியர் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கிறார் என்றால் அவர் விரல் தொடுவது இக்குழாயையே. மக்கள் அறிந்த ஒன்றுக்கு மக்கள் வைத்த பெயரையே விஞ்ஞானம் எடுத்துக்கொண்டு எல்லை வகுத்தது. சொல்லாக்கத்திற் சிறந்த முறை இதுவே. தமனி என்பதோ ஊதுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்று வந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லும் மூச்சுக்குழலோடு தொடர்புடையது; இறந்தார் உடம்பில் அக்குழாய்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தமையால் அவை காற்றைக் கொண்டு செல்வன என்று பழையோர் கருதினர். ஆயினும் நம் இணையிலும் ஒரு குறை உண்டு. நாடி, நாளம் என்னும் இரண்டும் நாவிலும் செவியிலும் ஒன்றோடொன்று இடறுகின்றன. எதிர்த்தொழில் புரியும் இரண்டுக்கு ஒலியில் நெருங்கிய பெயர்களைக் கொடுத்தது ஆசிரியர்க்கு ஓயாத தொல்லையாக முடிந்தது. தமனி, சிரை என்பவற்றில் அவ்விடறல் இல்லை.

இனி, கண்ணாற் காணாத உள்ளுறுப்புகளுக்கு வருவோம். இங்கே சொல்லைப் புதிதாக ஆக்குதல் தவிர்க்க முடியாதது. நம் நாட்டுச் சொற்றொகுதியார் பெரும்பாலும் கைக்கொண்ட வழி, கிரேக்க இலத்தீன் சொல்லைப் பகுத்து, பகுதி பகுதியாகத் தமிழாக்குதல். கிரேக்க மொழியில் முழுதும் சதை என்னும் பொருள்படும் பெயரையுடைய உறுப்பு சதையி ஆயிற்று. தமிழ்நாட்டிற் கணையம் எனப்படுவது இதுவே. கழுத்தின் முன்புறத்துச் சுரப்பி கேடயப்போலி ஆயிற்று. தோமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1656 இல் அச்சுரப்பிக்குக் கேடயம் போன்றது என்னும் பொருளிற் பெயரிட்டார். அதனை எழுத்தெண்ணிப் பெயர்த்திருக்கின்றனர். பெயர்ப்பிற் பிழை காண இயலாது. ஆயின் அப்பெயரைக் கேட்ட தமிழ் மாணவனுக்கு என்ன தெரிகின்றது? கேடயம் அவன் காணாத பொருள். போலி என்பது அவன் நாளும் கேட்கும் சொல், கள்ளப் பொருளைக் குறிப்பது. கழுத்து என்ற குறிப்பு அச்சொல்லில் எங்கும் இல்லை. அவ்விடம் வீங்கியவர்களை ஊரார் கழலை உடையவர் என்பர். கழலை என்ற சொல்லோடு இப்புதுச்சொல்லுக்கு யாதொரு சுற்றமும் இல்லை. ஆதலின் நோயாளரும் மருத்துவரும் கேடயத்தைக் கைவிட்டுத் தைரொயிட்டு என்றே பேசுகின்றனர். அவர்களைக் குறை கூறுதல் முறையன்று.

கேடயப்போலி விளங்காத சொல், அவ்வளவே. இதனினும் ஒருபடி மேலாகத் தீங்கு செய்வது கபச்சுரப்பி. மூளையின் அடியில் ஒரு பயற்றங்கொட்டை அளவினதாய்த் தொங்கும் இச்சுரப்பி மற்றைச் சுரப்பிகள் பலவற்றை ஆள்வது. உடம்பின் வளர்ச்சி, தாய்ப்பாற் சுரப்பு முதலியன இதன் ஓமோன்களால் நடைபெறுகின்றன. இதற்கும் கபத்துக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. மூளையிலுண்டாகும் கபம் இவ்வழியாக வடிந்து மூக்கை அடைகின்றது என்று பழங்காலத்து மேலைநாட்டு மருத்துவர் எண்ணினர். வெசாலியசு 1543 இல் வெளியிட்ட பெருநூலிலும் அக்கொள்கையை ஒட்டியே இச்சுரப்பி குறிக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் சினைடர், லோவர் ஆகியோர் அக்கொள்கை பிழையெனக் காட்டினர். கொள்கை மறைந்தது, கபத்தைக் குறிக்கும் இலத்தீன் பெயர் மட்டும் எஞ்சிற்று. ஆங்கிலேயனுக்கு இதனால் இழப்பில்லை. இலத்தீன் கற்றவரன்றி வேறெவரும் அப்பெயரிற் கபத்தைக் காணமாட்டார். தமிழில் நிலைமை வேறு. கபம் நம்மிடையே உயிருள்ள சொல். வாதம் பித்தம் கபம் என்ற மூன்றும் ஊர் வைத்தியத்தின் அடித்தளம். கபச்சுரப்பி என்றதும் சளியைச் சுரப்பது என்ற எண்ணம் தானே எழுகின்றது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மேனாட்டார் கழித்துவிட்ட பிழையை நாம் இருபதாம் நூற்றாண்டிலே தூசு தட்டி எடுத்து, நல்ல தமிழ் உடுத்தி, வகுப்பறையில் அமர்த்தியிருக்கிறோம்.

இறந்த சொல்லிலுள்ள பிழை எவரையும் வருத்தாது. வாழும் சொல்லிலுள்ள பிழை வருத்தும். மலேரியா என்பதும் இத்தாலிய மொழியிற் கெட்ட காற்று என்னும் பொருளுடையதே. நுளம்பு வழி இக்காய்ச்சல் பரவுமாற்றை றொனால்ட் றொஸ் 1897 இல் செக்கந்தராபாத்தில் ஆராய்ந்து கண்டபின்னும் அப்பெயர் மாறவில்லை. மாற்ற வேண்டியதும் இல்லை. அதனை யாரேனும் தீவளிக் காய்ச்சல் என்று மொழிபெயர்த்திருந்தால், 1934-35 இல் இந்நாட்டைச் சூறையாடிய கொள்ளையின்போது மக்கள் யன்னலைப் பூட்டிக்கொண்டு குட்டையை மூடாது விட்டிருப்பர். நம்மவர் நல்ல காலமாகக் குலைப்பன் காய்ச்சல் என்று தம் கண் கண்டதைச் சொன்னார்கள். இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றுரைக்கப்பட்டது. நோயோடு குலைப்பன் என்ற சொல்லும் இளையோர் நாவிலிருந்து மறைந்து வருகின்றது.

சொற்றொகுதியார் இழைத்த வேறொரு மிகையைப் பற்றியும் கூறவேண்டும். அது புணர்ச்சி பற்றியது. இலக்கணம் வழுவாது எழுத வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் கலைச்சொல் என்பது மாணவன் முதன்முறை பார்க்கும்போதே உறுப்புறுப்பாகப் பிரிந்து பொருள் தரவேண்டிய ஒன்று. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைக்குப் பிரிமென்றகடு என்று பெயர் வைத்தார்கள். பிரி, மென், தகடு என்பன புணர்ந்த புணர்ச்சி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதனைப் ‘பிரி, மென்ற, கடு’ என்று வாசித்துவிட்டு விழிக்கின்றது. பிரித்துக் காட்டினாலும் குறை தீரவில்லை. தசையைத் தகடு என்றது பொருந்தாது. தமிழ்நாட்டார் உதரவிதானம் என்பர். வடசொல்லேயாயினும், வயிற்றறைக்கு மேற்கட்டி போல விரிந்திருப்பது என்று வடிவத்தைச் சரியாகவே சொல்லுகின்றது. முள்ளந்தண்டினுள்ளே செல்லும் நாண் முண்ணாண் ஆயிற்று. இதுவும் அச்சிட்டுக் காட்டினாலன்றிச் செவிக்குப் பிடிபடாது. எல்லாவற்றிலும் நகைப்புக்கிடமானது, முன்னே சொன்ன குழாயற்ற சுரப்பிகளுக்கு நம்மவர் இட்ட பெயர்: கானில் சுரப்பி. கான் இல்லாத சுரப்பி என்பது கருத்து. கானிலே உள்ள சுரப்பி என்றும் அது பொருள்படும் என்பதை ஆக்கியோர் கவனித்திலர். யாழ்ப்பாணத்தானுக்குக் கான் என்றால் தெருவோரத்து வடிகால். இவ்விடத்தில் நாளமில்லாச் சுரப்பி என்ற தமிழ்நாட்டு அமைப்பே தெளிவானது. நாளத்தை நாம் வேறு பொருளுக்குப் பூட்டி வைத்தமையால் அதனை எடுத்துக்கொள்ள வழியில்லாதாயிற்று.

நல்ல ஆக்கங்களும் உள. செவிப்பறை, அழற்சி, காறையென்பு என்பன எக்காலத்தும் நிற்கும். அழற்சி என்ற சொல்லில் அழல் இருக்கின்றது. ஆங்கிலச் சொல்லிலும் தீயே இருக்கின்றது. தொட்டாற் சுடும் புண்ணைக் கண்ட எம்மொழியாரும் அவ்வாறே சொல்வர். காறை என்பது பெண்கள் கழுத்தடியில் அணியும் நகை. அது கிடக்கும் இடத்து எலும்புக்கு அதன் பெயர் அமைந்தது மிகப் பொருத்தம். இதனைக் காரையென்று அச்சிட்டுச் சுண்ணாம்புக் காரையாக்குவாரும் உளர். கண்ணின் நடுவே தோன்றும் சிற்றுருவைக் கண்டு தமிழ்ப் புலவர் பாவை என்றனர். இலத்தீனிலும் அதே உறுப்புக்குச் சிறு பாவை என்னும் பொருளுடைய சொல்லே வழங்கியது. ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கட்கூட்டத்தார் எதிரே நின்றவர் கண்ணில் தம் உருவையே கண்டிருக்கின்றனர்.

நரம்பு என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. யாழில் கட்டியது நரம்பு. கையிற் புடைத்துத் தெரிவது நரம்பு. கெண்டைக்காலில் இழுத்துப் பிடிப்பது நரம்பு. உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு. விஞ்ஞானம் இறுதியாக உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கியது. கிரேக்கரும் முதலில் தசைநாணுக்கும் வில்நாணுக்கும் உணர்ச்சி நரம்புக்கும் ஒரே சொல்லையே ஆண்டனர். எனவே சொல்லின் பரப்பைக் குறுக்குதல் எல்லா மொழிக்கும் பொது. மறக்கலாகாதது ஒன்று: நூல் குறுக்கிக்கொண்டது, நோயாளி குறுக்கிக்கொள்ளவில்லை. ‘நரம்பு இழுக்குது, ஐயா’ என்று ஒரு முதியவர் கூறும்போது அவர் தசைப்பிடிப்பைக் கூறுகின்றாரா, காலிற் சுருண்டு புடைத்த நாளத்தைக் கூறுகின்றாரா, உண்மையில் நரம்பையே கூறுகின்றாரா என்பதை அறியாத மருத்துவர் தவறான திசையிற் செல்லக்கூடும்.

நோய்ப் பெயர்களுக்கு வந்தால் மக்கள் வழக்கின் வளம் வியப்பூட்டுவது. கூகைக்கட்டு, குக்கல், கொப்புளிப்பான், சின்னமுத்து, செங்கமாரி, நெருப்புக்காய்ச்சல், தடிமன், தொய்வு, பாரிசவாதம் என்று ஒவ்வொன்றும் நோயின் ஒரு குறியைப் பிடித்து நிறுத்திய சொல். நெருப்புக்காய்ச்சலுக்கு மேனாட்டார் வைத்த பெயரின் மூலமான கிரேக்கச் சொல் புகையைக் குறிக்கும். நாம் நெருப்பைக் கண்டோம், அவர்கள் புகையைக் கண்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மாரடைப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் நாடியில் அடைப்பு ஏற்படுவதே இந்நோய்க்குக் காரணம் என்பதையும், அவ்வடைப்பு ஏற்பட்டவரும் உயிர்தப்பக் கூடும் என்பதையும் அமெரிக்க மருத்துவர் ஹெரிக் 1912 இல் விளக்கினார். மார்பில் ஏதோ அடைக்கின்றது என்று துன்பத்தைச் சொன்ன மக்களின் சொல், காரணத்தையும் சொன்னதாக முடிந்தது.

எனினும் மக்கள் வழக்கையெல்லாம் கண்மூடிப் போற்றுதலும் தகாது. நீரிழிவை எடுத்துக்கொள்வோம். நீர் இழிதல், அதாவது இறங்கி ஓடுதல், என்பது அதன் பொருள். இந்நோயின் கிரேக்கப் பெயருக்கும் ஊடாகக் கடந்து ஓடுதல் என்பதே கருத்து. பழந்தமிழ்ச் சொல் உலகத் தரத்தில் நிற்கின்றது. யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்பதும் இதனைச் சார்ந்ததே. அண்மைக் காலத்திலோ சீனி வருத்தம் என்ற பெயர் பரவிவிட்டது; தமிழ்நாட்டிற் சர்க்கரை நோய். குருதியிற் சீனி மிகுதல் உண்மை. ஆனால் சீனி வருத்தம் என்று கேட்டவர் என்ன செய்கின்றார்? தேநீரிற் சீனியை நிறுத்திவிட்டு, உச்சிப்பொழுதில் ஒரு கோப்பை நிறையச் சோறு உண்கின்றார். சோறும் மாப்பண்டமும் உள்ளே சென்று அதே வெல்லமாகின்றன என்பதை அப்பெயர் மறைத்துவிடுகின்றது. பெயர் உணவை ஆள்கின்றது. உணவு நோயை ஆள்கின்றது. காலிலே ஆறாத புண் வந்து, விரலை எடுக்க வேண்டிய நிலைக்கு வரும்வரை ‘நான் சீனியே தொடுவதில்லை’ என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டிருப்போர் பலர். சொல்லாராய்ச்சி வெறும் புலமை விளையாட்டு என்பார்க்கு இதனைவிட வேறு மறுமொழி வேண்டியதில்லை.

செங்கமாரியிலும் இவ்வகை இடர் உண்டு. தமிழ்நாட்டார் மஞ்சட்காமாலை என்பர். ஒரு கரையார்க்குச் செம்மையாகத் தோன்றியது மறு கரையார்க்கு மஞ்சளாகத் தோன்றியது. நிறம் எதுவாயினும், அது தனிநோய் அன்று, பல நோய்களின் அறிகுறி என்பதை இரு சொல்லும் சொல்லா. குடல்வளரி என்னும் நம் பாடநூற் சொல்லோ, உறுப்பை ஏதோ வளரும் கட்டியென்று மயங்கச் செய்கின்றது. தமிழ்நாட்டுக் குடல்வால் அதனைக் காட்டிலும் எவ்வளவோ மேல். பெருங்குடலின் தொடக்கத்தில் வால் போல் தொங்குவதைப் படமாகவே காட்டிவிடுகின்றது.

இரு கரைச் சொற்களும் சந்திக்கும் இடம் நூலகம் மட்டுமன்று. 1983 இன் பின்னர் நம்மவர் பலர் தமிழ்நாடு சென்று வாழ நேர்ந்தது. அங்கே மருத்துவமனையில், ‘எனக்கு இரண்டு மாதமாக வருத்தம்’ என்று ஒருவர் கூறின், கேட்பவர் மனத்துயரையே எண்ணுவார். நம் நாட்டில் வருத்தம் என்றால் நோய். சத்தி என்றால் நமக்கு வாந்தி, அவர்களுக்கு ஆற்றல். தலையிடி, வயிற்றோட்டம் என்பவற்றை ஊகித்துக்கொள்வர். நாரி நோகுது என்றாலோ, நாரி என்பதற்குப் பெண் என்று அகராதியிற் பொருள் கண்ட சென்னை மருத்துவர் திகைப்பது திண்ணம். இடுப்பின் பின்புறத்துக்கு இத்தகைய குறித்த சொல் அங்கே பொதுவழக்கில் இல்லை; இடுப்பு வலி என்றோ முதுகு வலி என்றோ சுற்றிவளைத்தே கூறுவர். இங்கே நம் பேச்சுவழக்கே நுட்பம் மிக்கது.

வெளிநாடு செல்லாமலே இத்திகைப்பை நம்மிடத்தும் காணலாம். நம் மாணவர் உயிரியலை உயர்தரம் வரை தமிழிற் கற்கின்றனர். நாடி, நாளம், சோணையறை, இதயவறை, இழையம், கலம் என்று மனனம் செய்து பரீட்சையிற் சித்தியடைகின்றனர். பின்னர் மருத்துவ பீடத்துட் புகுகின்றனர்; 1978 இல் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாணத்து மருத்துவ பீடம் உட்பட, இந்நாட்டு மருத்துவ பீடங்களிற் கற்பிக்கும் மொழி ஆங்கிலம். பள்ளியிற் கற்ற சொற்களை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். பட்டம் பெற்று நோயாளியின் முன் அமரும்போது பள்ளித் தமிழும் உதவாது, பல்கலைக்கழக ஆங்கிலமும் உதவாது. முன்னே இருப்பவர் மூன்றாவதொரு தமிழில், நாரியையும் தொய்வையும் பற்றிப் பேசுகின்றார். கிறீனின் மாணாக்கருக்கு இம்மூன்று மொழிகள் இருந்ததில்லை. கற்ற தமிழுக்கும் கேட்ட தமிழுக்கும் இடையிலிருந்த தூரம் ஒரு முற்றத்தின் அகலமே.

மருத்துவக் கல்வியின் மொழியை மாற்றுக என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது வேறு பெரிய வழக்கு. கேட்பது சிறியது. நம் சொற்றொகுதிகள் ஆங்கிலம் ஒரு நிரல், தமிழ் ஒரு நிரல் என இரண்டு நிரல்களோடு நின்றுவிட்டன. தமிழ் நிரலிலே தமிழ்நாட்டுச் சொல்லையும் ஒருங்கே அச்சிடுதல் வேண்டும். ஒன்றை ஒழித்து மற்றொன்றை நிறுத்தும் அதிகாரம் இனி எவர்க்கும் இல்லை. மூன்றாவது நிரலாக, நோயாளி ஆளும் சொல் இடம்பெறல் வேண்டும். அச்சொல் ஊருக்கு ஊர் வேறுபடுமெனின் ஊர்ப்பெயரோடு. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் மலைநாட்டிலும் வழங்குவன யாழ்ப்பாணத்து வழக்கே என்று எண்ணுதல் நம்மிடையே உள்ள பழைய நோய். சொல்லின் பொருள் நூற்பொருளினும் அகன்றதாயின், நரம்பு போல, அந்த அகலமும் குறிக்கப்படல் வேண்டும். சீனி வருத்தம் போல மயக்கந் தருவதாயின், அம்மயக்கத்தை எச்சரித்தல் வேண்டும்.

இதனைத் தொகுக்கப் பேரறிஞர் குழு வேண்டியதில்லை. உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பாட்டியோ பாட்டனாரோ இருப்பர். அயலிலே ஓய்வுபெற்ற தாதியோ மருத்துவிச்சியோ இருப்பர். விடுமுறையில் அவர்களிடம் கேட்டு எழுதிய ஐம்பது சொற்கள், ஒரு வகுப்புக்கு ஆயிரத்துக்கு மேலாகும். திரும்பத் திரும்ப வருவனவற்றைக் கழித்தாலும் எஞ்சுவன சில நூறு. அவற்றுட் பல இன்று எந்த அகராதியிலும் நோய்ப்பொருளோடு ஏறாதவை. கேட்கத் தொடங்குவோர் கூகைக்கட்டில் உள்ள கூகை எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வருவார்களாக.